நாக்குக்குக் கிணறு தெரியும், கம்பெனி தெரியுமா?

நடவு முடிஞ்சுது. முதல் களை எடுக்க இன்னும் பத்து நாள் இருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச தண்ணி கேன் விஷயத்தை இந்த இடைவெளியில எழுதிடறேன்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் இருக்கிற சொந்தக்காரங்களும், இதைப் படிக்கிற சில பேரும் என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "அண்ணே, லோக்கல் கேன் 35 ரூபா, பெரிய கம்பெனி கேன் கிட்டத்தட்ட 100 ரூபா. ருசியில நிஜமாவே வித்தியாசம் இருக்கா? இல்ல, பேருக்குத்தான் காசா?"

நியாயமான கேள்வி. ஆனா ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கிற எங்க மாதிரி ஊர்களோட தண்ணிக் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் பதில் விளங்கும்.

முதல்ல ஒண்ணு. தண்ணிக்கு ருசி உண்டு. பள்ளிக்கூடத்துல நிறம், மணம், சுவை இல்லாததுன்னு படிச்சோமே, அது வாலைவடிநீருக்குத்தான் பொருந்தும். மண்ணுல கிடக்கிற தண்ணி கல்லையும் மணலையும் கரைச்சுக்கிட்டு வருது. சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சோடியம், இரும்பு எல்லாம் அதுல இருக்கு. எது எவ்வளவு கரைஞ்சிருக்கோ அதுதான் ருசி.

இந்த வட்டாரத்துல அது அடிக்கு அடி மாறும். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை எல்லாம் கெட்டிப் பாறை. அந்தக் கல்லுக்குப் பேரு சார்னோக்கைட். கல்கத்தாவில் இருக்கிற யோப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பக்கத்துப் பாறை வகைதான்னு கண்டு, தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-ல் அந்தப் பேரை வச்சார். இந்த மாதிரிப் பாறைக்குள்ள தண்ணி ஏரி மாதிரி நிக்காது. மேல மக்கிப்போன பகுதியிலயும், கீழ வெடிப்புலயும்தான் ஓடும். அதனால ஒரு கிணத்துத் தண்ணி தேனா இருக்கும், நூறு கெஜம் தள்ளி இருக்கிற கிணறு கரிக்கும். கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிப் போனா உப்பு. அதையும் தாண்டித் திருவான்மியூரிலிருந்து கோவளம் வரைக்கும் கடலோர மணல். அங்கே மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்கும். பத்துப் பதினைஞ்சு அடியில இனிப்பான தண்ணி கிடைக்கும். ஆசைப்பட்டு ஆழமா உறிஞ்சினா உப்பு மேல ஏறிடும்.

இந்தப் படிப்பெல்லாம் இல்லாமலே எங்க பாட்டிமாருக்கு இது தெரியும். எங்க ஊர்ல குடிக்க ஒரு கிணறு, பருப்பு வேக வைக்க ஒரு கிணறு, துணி துவைக்க ஒரு கிணறுன்னு தனித்தனியா இருந்தது. சுண்ணாம்புச் சத்து கூடின தண்ணியில துவரம்பருப்பு லேசில வேகாது, சோப்பு நுரைக்காது. அதனால ஒரு ஊருக்குப் பொண்ணு கொடுக்கும்போதே, "அந்த ஊர் தண்ணியில பருப்பு வேகுமா?"ன்னு கேட்பாங்க. கலங்கின தண்ணியா இருந்தா பானைக்குள்ள தேத்தாங்கொட்டையை உரைச்சுத் தெளிய வைப்பாங்க. கிணத்துக்குள்ள நெல்லிக்கட்டை போட்டா தண்ணி இனிக்கும்னு ஒரு நம்பிக்கை. எங்க பாட்டி ஒரு வாய் குடிச்சுட்டு, இது எந்தக் கிணத்துத் தண்ணின்னு சொல்லிடுவாங்க. அதை யாரும் அதிசயமா பார்த்ததில்லை. ஊர்ல பாதிப் பேர் சொல்லுவாங்க.

அதாவது, நாக்குதான் அப்போ பரிசோதனைக்கூடம். அதே சமயம் நாக்கால முடியாததும் உண்டு. அதுக்கும் இந்தப் பக்கத்துலயே சாட்சி இருக்கு. குரோம்பேட்டைங்கிற பேரே அங்கே இருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால வந்தது. அதை ஒட்டி நாகல்கேணி, பல்லாவரம் பக்கம் தோல் பதனிடும் ஆலைகள் வரிசையா வந்தது. உப்புப் போட்டுக் கொண்டுவர்ற தோலைக் கழுவின தண்ணி வருஷக்கணக்கா மண்ணுல இறங்கிச்சு. கிணத்துத் தண்ணி கரிக்கத் தொடங்கினதை ஜனங்க நாக்காலயே கண்டுபிடிச்சாங்க. ஆனா உப்போட சேர்ந்து வர்ற குரோமியத்தை எந்த நாக்கும் கண்டுபிடிக்காது. சாக்கடை கலந்த கிணத்துல இருக்கிற நைட்ரேட்டுக்கும் அந்த அளவுல ருசி கிடையாது. டைபாய்டு கிருமிக்கும் கிடையாது. ருசியான தண்ணி வேற, நல்ல தண்ணி வேற. இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க. கடைசியில தேவைப்படும்.

இப்போ தண்ணி எப்படி விலைக்கு வந்ததுன்னு பார்ப்போம்.

பாட்டில் தண்ணி இந்தியாவுக்கு இத்தாலிப் பேரோட வந்தது. பெலிசே பிஸ்லேரிங்கிறவர் பேரைத் தாங்கின கம்பெனி 1965-ல் பம்பாயில கண்ணாடி பாட்டில்ல விக்க ஆரம்பிச்சுது. 1969-ல் அதை பார்லே சவுகான் குடும்பம் வாங்கிச்சு. அப்போ அது பெரிய ஓட்டல்ல குடிக்கிற பொருள். பிளாஸ்டிக் பாட்டில் வந்த பிறகுதான் பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கிச்சு.

நம்ம பக்கம் கதை வேற மாதிரி. சென்னை நகரம் வளர்ந்த வேகத்துக்குக் குழாய் வளரலை. தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம், கோவிலம்பாக்கம்னு ஊர்கள் வீட்டு மனையா மாறிச்சு. தெருவுக்கு ரோடு வர்றதுக்கு முன்னாடியே லாரித் தண்ணி வந்தது. நிலத்தடி நீரைக் கண்டபடி எடுக்கக்கூடாது, எடுத்து விக்க லைசென்ஸ் வேணும்னு 1987-லேயே சென்னைப் பெருநகருக்கு ஒரு சட்டம் போட்டாங்க. சட்டம் காகிதத்துல இருந்தது. லாரி ரோட்டுல இருந்தது.

லாரிக்குத் தண்ணி எங்கிருந்து? எங்க கிணத்துல இருந்து. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். நெல்லுக்கு விலை இல்லை, மழையும் இல்லை, மனைக்காரங்க நாலு பக்கமும் கல்லு நட்டாச்சு. அந்த நேரத்துல ஒருத்தர் வந்து, "பயிருக்கு விடுற தண்ணியை லாரிக்கு விடு, தினமும் காசு"ன்னு சொன்னா என்ன செய்வாங்க? வடக்கே ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில விவசாயிகளோட கிணத்துத் தண்ணியை மெட்ரோ வாட்டரே விலைக்கு வாங்கிச்சு. தெற்கே தனியார் லாரி வாங்கிச்சு. எங்க பக்கத்து நிலத்துக்காரர் வித்தார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரெண்டு பொண்ணு கல்யாணம் அந்தக் காசுலதான் நடந்தது. ஆனா ஒரு கணக்கை மட்டும் சொல்றேன். அப்போ 12,000 லிட்டர் லாரி ஒரு லோடுக்கு அவருக்குக் கிடைச்ச காசு, இன்னைக்கு ஒரு பெரிய கம்பெனி கேன் விலையை ஒட்டித்தான் இருந்தது. அங்கே 12,000 லிட்டர், இங்கே 20 லிட்டர்.

லாரித் தண்ணி குளிக்கவும் துவைக்கவும். குடிக்க கேன். ஒரே கிணத்துத் தண்ணியை ரெண்டு சரக்கா பிரிச்சது ஒரு மெஷின். அதான் ஆர்.ஓ. 1950-களோட கடைசியில அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன்னு ரெண்டு பேர், உப்பைத் தடுத்துத் தண்ணியை மட்டும் விடுற மெல்லிய ஜவ்வு ஒண்ணைச் செஞ்சாங்க. கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்குறதுக்குச் செஞ்ச வேலை. 1965-ல் கோலிங்கா என்ற சின்ன ஊருக்கு அந்த முறையில குடிதண்ணி கொடுத்தாங்க. நாற்பது வருஷம் கழிச்சு அதே நுட்பம் நம்ம தெருக்கோடி ஷெட்டுக்குள்ள வந்து உட்கார்ந்தது.

அந்த ஜவ்வு என்ன செய்யும்? கரைஞ்சிருக்கிற உப்புல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல கழிச்சுடும். கரிக்கிற கிணறு, இனிக்கிற கிணறு, இரும்பு வாடை அடிக்கிற போர் எதை உள்ளே விட்டாலும் வெளியே வர்றது கிட்டத்தட்ட ஒரே தண்ணி. எங்க பாட்டி கண்டுபிடிச்ச அடையாளம் எல்லாம் கழிவுக் குழாயில போயிடும். வேடிக்கையைப் பாருங்க, கனிமத்தை எல்லாம் கழிச்சுட்டு வர்ற அந்தத் தண்ணிக்கு நாம வச்ச பேரு 'மினரல் வாட்டர்'. சட்டப்படி மினரல் வாட்டர் வேற. நம்ம கேன்ல இருக்கிறது அடைக்கப்பட்ட குடிநீர். அதுல கால்சியமும் மக்னீசியமும் கொஞ்சமாவது இருக்கணும்னு பிற்பாடு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. அதனால கழிச்சதைக் கொஞ்சம் திரும்பச் சேர்க்கிறாங்க. லோக்கல் கம்பெனி, பெரிய கம்பெனி எல்லாருக்கும் அதே விதி, ஏறக்குறைய அதே மெஷின், அதே ஓசோன், அதே புற ஊதா விளக்கு.

இப்போ சொல்லுங்க, நாக்கு எதை வச்சு வித்தியாசம் கண்டுபிடிக்கும்?

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவங்களை வச்சு ஒரு சோதனை பண்ணினோம். நாலு எவர்சில்வர் சொம்பு. ஒண்ணுல எங்க கிணத்துத் தண்ணி, ஒண்ணுல பாலாத்துக் குழாய்த் தண்ணி, ஒண்ணுல லோக்கல் கேன், ஒண்ணுல விலை கூடின கேன். நாலையும் ராத்திரியே ஊத்தி வச்சு ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்தோம். அடியில நம்பர். எது எதுன்னு என் பொண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது பேர் குடிச்சாங்க. கிணத்துத் தண்ணியை ஒன்பது பேரும் தனியா எடுத்து வச்சாங்க. குழாய்த் தண்ணியைக் குளோரின் வாடையை வச்சு ஏழு பேர் சொன்னாங்க. ரெண்டு கேன் விஷயத்துல நாலு பேர் சரி, அஞ்சு பேர் தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதேதான் வந்திருக்கும். அதுல என் சித்தப்பா பையன், "பெரிய கம்பெனித் தண்ணின்னா தொண்டையில இறங்கும்போதே தெரியும்"னு சொல்லிட்டு லோக்கல் கேனைக் காட்டினான். அப்புறம் பேரைச் சொல்லி அதே ரெண்டு சொம்பைக் கொடுத்தோம். இப்போ எல்லாருக்கும் விலை கூடினதுதான் ருசி.

இது விளையாட்டுச் சோதனைதான். ஆனா இதே மாதிரி முறைப்படி செஞ்சிருக்காங்க. 2008-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரே ஒயினுக்கு ஒரு தடவை 10 டாலர்னும் ஒரு தடவை 90 டாலர்னும் விலை சொல்லிக் கொடுத்தாங்க. 90 டாலர்னு சொன்னப்ப ருசி கூடுதல்னாங்க. குடிச்சவங்க பொய் சொல்லலை. மூளையைப் படம் எடுத்துப் பார்த்தப்போ, இன்பத்தை உணர்ற பகுதி நிஜமாவே கூடுதலா வேலை செஞ்சிருந்தது. விலையும் ஒரு ருசிதான், அது நாக்குல இல்லை. தண்ணியிலயும் இது நடந்திருக்கு. 2004-ல் கோகோ கோலா கம்பெனி இங்கிலாந்துல டசானின்னு ஒரு தண்ணி விட்டது. அது லண்டன் பக்கம் சிட்கப்ல எடுத்த குழாய்த் தண்ணியைச் சுத்தம் பண்ணினதுன்னு செய்தி வந்ததும் ஊரே சிரிச்சுது. தண்ணியில புரோமேட் அளவு கூடினதும் தெரியவர, சில வாரத்துலயே திரும்ப வாங்கிட்டாங்க. 2007-ல் பெப்சி கம்பெனி, தன்னோட அக்வாபினா பாட்டில்ல இருக்கிறது பொதுக் குழாய் மூலத் தண்ணின்னு அமெரிக்காவில் லேபிள்ல போட ஒத்துக்கிச்சு. அதுவரைக்கும் குடிச்சவங்க யாரும் அதை நாக்கால கண்டுபிடிக்கலை.

நம்ம ஊர்லயும் ஒரு சாட்சி உண்டு. 2013 செப்டம்பர்ல அரசாங்கம் அம்மா குடிநீர்னு ஒரு லிட்டர் 10 ரூபாய்க்கு விட்டது. வெளியில அப்போ 20 ரூபா. பஸ் ஸ்டாண்டுல வரிசையில நின்னு வாங்கினாங்க. பாதி விலைன்னா பாதி ருசின்னு யாரும் சொல்லலை.

அப்போ விலை கூடின கேன் எல்லாம் ஏமாத்தா? அப்படியும் இல்லை. இங்கேதான் முன்னாடி சொன்னதை ஞாபகப்படுத்தணும். ருசியான தண்ணி வேற, நல்ல தண்ணி வேற.

அடைக்கப்பட்ட குடிநீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்னு 2001-ல் வந்தது. 2003 பிப்ரவரியில டெல்லியில இருக்கிற அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பேர்போன பாட்டில்கள்லயும் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்குன்னு சோதிச்சு வெளியிட்டது. அதுக்கு அப்புறம்தான் பூச்சிமருந்து அளவுக்கான விதி இறுகிச்சு. பெரிய பேருங்கிறது தப்பு நடக்காதுங்கிறதுக்கு உத்தரவாதம் இல்லைன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. இன்னொரு பக்கம், அனுமதி இல்லாம நிலத்தடி நீர் எடுக்கிற ஆலைகளை மூடச் சொல்லி 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டப்போ, கேன் கம்பெனிக்காரங்க வேலைநிறுத்தம் பண்ணினாங்க. எத்தனை ஆலை அனுமதி இல்லாம ஓடுதுன்னு அப்போதான் நகரத்துக்கு உறைச்சுது. 2024-ல் ஐ.எஸ்.ஐ. கட்டாயத்தை எடுத்துட்டு, அதிக ஆபத்துள்ள உணவு வரிசையில தண்ணியைச் சேர்த்து, வருஷா வருஷம் தணிக்கைன்னு மாத்தியிருக்காங்க.

ஆக, நீங்க கூடுதலா காசு கொடுத்தா அது ருசிக்கு இல்லை. கேனை ஒழுங்கா கழுவினாங்களா, ஜவ்வை நேரத்துல மாத்தினாங்களா, மாசா மாசம் சோதிச்சாங்களா, இதுக்குத்தான். அதை விலையை வச்சும் முடிவு பண்ண முடியாது, நாக்கை வச்சும் முடியாது. நிறைஞ்ச தேதி, உரிம எண், மூடி சீல், கேன்ல பாசி வாடை, கீறல், அது எத்தனை நாள் வெயில்ல நின்னது, இதை எல்லாம் கண்ணால பாருங்க. 35 ரூபா கேன்ல இதெல்லாம் சரியா இருந்தா சந்தோஷமா குடிங்க. 100 ரூபா கேன்ல இல்லைன்னா திருப்பி அனுப்புங்க.

இன்னொரு விஷயம். உண்மையிலேயே ருசியில தனியா நிக்கிற விலை கூடின தண்ணியும் உண்டு. மலையடிவாரத்து ஊற்றுல பிடிச்சு, கனிமத்தைக் கழிக்காம அடைக்கிற நிஜ மினரல் வாட்டர். பிரான்சிலிருந்து வர்ற எவியான்ல ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல கரைஞ்ச கனிமம் இருக்கு. 600-க்குள்ள இருந்தா குடிக்க ருசியா இருக்கும், 1,000-ஐத் தாண்டினா பிடிக்காமப் போகும், ரொம்பக் குறைஞ்சாலும் சப்புன்னு இருக்கும்னு உலக சுகாதார அமைப்பும் சொல்லுது. என்கிட்ட இருக்கிற சின்ன மீட்டரை எங்க கிணத்துத் தண்ணியில விட்டா 400-ஐ ஒட்டிக் காட்டுது. லோக்கல் கேன், பெரிய கேன் ரெண்டும் 50-ஐ ஒட்டி. பணக்காரங்க விமானத்துல வரவழைச்சுக் குடிக்கிற அந்தக் கனமான ருசி, சுத்தமா வச்சிருந்த ஒரு நல்ல கிராமத்துக் கிணத்தோட ருசிதான்.

"சுத்தமா வச்சிருந்த"ன்னு சொன்னேன் பாருங்க, அங்கேதான் வலிக்குது. செங்கல்பட்டு ஏரி மாவட்டம்னு பேர் வாங்கினது. மாடம்பாக்கம், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், பீர்க்கன்காரணைன்னு ஊருக்கு ஊர் ஏரி. ஏரி நிறைஞ்சாதான் கீழே இருக்கிற கிணறு ஊறும். ஏரி வயலுக்குப் பாய்ஞ்ச வரைக்கும் கால்வாயைத் தூர் வார ஆள் இருந்தது. வயல் மனையானதும் ஏரிக்குள்ள சாக்கடை வந்தது. கிணத்தை நம்ப முடியலை, அதனால கேன் வந்தது. கேன் வந்துட்டதால கிணறு கெட்டா யாருக்கும் பதறலை. ஆர்.ஓ. ஆலையில ஒரு பங்கு நல்ல தண்ணி எடுக்கும்போது உப்பு ஏறின கழிவுத் தண்ணியும் கூடவே வரும். அது திரும்ப எங்க மண்ணுலதான் இறங்குது.

அடுத்த தடவை கேன் மாத்தும்போது லேபிளைத் திருப்பிப் பாருங்க. பேருக்குக் கீழே பொடி எழுத்துல ஆலை முகவரி இருக்கும். தாம்பரம் பக்கம்னா அனேகமா இந்தச் சுத்து வட்டாரத்து ஊர் ஒண்ணாத்தான் இருக்கும். ரெண்டு வேற கம்பெனிக் கேன்ல ஒரே ஒன்றியத்து ஊர்களை நானே பார்த்திருக்கேன். ஒரே ஏரி ஊறவச்ச தண்ணி, ரெண்டு பேரு, ரெண்டு விலை. அந்த ஏரிக்குன்னு அதுல ஒரு பைசா கிடையாது.

எங்க ஊருக்கும் இப்போ வாரம் ரெண்டு தடவை கேன் வண்டி வருது. லாரிக்குத் தண்ணி வித்த வீடுங்கதான் முதல்ல வாங்க ஆரம்பிச்சுது, அவங்க கிணறுதான் முதல்ல வத்திச்சு. எங்க கிணறு இன்னும் இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை சோதனைக்குக் கொடுத்து, காய்ச்சிக் குடிக்கிறோம். பட்டணத்துல படிச்சுட்டு லீவுக்கு வர்ற என் பையன், "தண்ணி என்னமோ கனமா இருக்குப்பா"ன்னு சொம்பைக் கீழே வைக்கிறான். அவன் நாக்கைக் குத்தம் சொல்ல முடியாது. பழகினதுதான் ருசி.

உங்க வீட்லயும் அந்தச் சொம்புச் சோதனையைச் செஞ்சு பாருங்க. முடிஞ்சா, உங்க தெருப் பேர்ல ஏதாவது ஏரி பேரு ஒளிஞ்சிருக்கான்னும் பாருங்க. இருந்தா, அது இப்போ எப்படி இருக்குன்னு ஒரு நடை போய் பார்த்துட்டு எனக்கு எழுதுங்க.